ஊர்ப் பூங்காவில் ஒரு பாடம்: மண், நிழல், விளையாட்டு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் அடுப்பு எரிவது தோல் தொழிலால். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருப்பார். அம்மாவோ அக்காவோ காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளை, அம்மா வேலையிலிருந்து திரும்பும் வரை எங்காவது இருந்தாக வேண்டும். அந்த இடம் தெருவாக இருக்கலாம், அல்லது ஊர்ப் பூங்காவாக இருக்கலாம். அதனால்தான் பூங்காவை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் ஆறு வாரம் நடத்திய இந்தச் செயல்திட்டத்தை மற்ற ஆசிரியர்களும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன். நாங்கள் எடுத்துக்கொண்டது பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு சிறு பூங்கா. ஒரு சறுக்கு மரம், இரண்டு ஊஞ்சல், சில பெஞ்சுகள், வேலி ஓரமாகக் காய்ந்து நிற்கும் மரக்கன்றுகள் ஆகியவையே அங்கே இருந்தன. மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன்: "இந்தப் பூங்கா இன்னும் நல்லா இருக்கணும்னா என்ன செய்யணும்? நீங்க சொல்றதுக்கு ஆதாரம் வேணும்."

முதல் வாரம்: பூங்கா யாருடையது?

இந்தக் கேள்விக்கு மாணவர்களிடமிருந்து வந்த பதில்கள்: "முனிசிபாலிட்டியோடது", "கவர்மென்ட்டோடது", "வாட்ச்மேன் அண்ணனோடது". இங்கிருந்து உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடத்துக்குப் போவது எளிது.

74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகள் அவற்றில் ஒன்று. அதற்கு முன்பே, 1959இல், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2015 ஜூன் 25 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய அம்ருத் திட்டத்தில், நகரத்துக்கான செலவில் 2.5 விழுக்காடு வரை பூங்காக்களுக்கும் பசுமைப் பகுதிகளுக்கும் ஒதுக்கலாம் என்றும், அவற்றில் குழந்தைகளுக்கு உகந்த வசதிகள் இடம்பெற வேண்டும் என்றும் கூறப்பட்டது. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கான திட்டம் அது. 2011 கணக்கெடுப்பின்படி 1,14,608 பேர் வாழ்ந்த ஆம்பூரும் அதில் இடம்பெற்றது.

இவற்றைச் சொன்ன பிறகு பெங்களூருவின் கதை ஒன்றையும் சொன்னேன். ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுக்கப்பட்டது. அங்கு குடியிருந்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு பயனுக்கு மாற்றியது செல்லாது, அதைக் கேட்கும் உரிமை அங்கு வாழும் மக்களுக்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். மருத்துவமனையும் நல்லதுதானே என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் கேள்வியை வைத்தே ஒரு பாடவேளை முழுவதும் விவாதம் நடந்தது. மூச்சு விடும் இடத்தை எடுத்து மருத்துவமனை கட்டலாமா என்று ஒரு குழுவும், நோயாளியை விட்டுவிட்டு ஊஞ்சல் கட்டலாமா என்று மறு குழுவும் வாதிட்டன. தீர்ப்பு தெரிந்த பிறகும் விவாதம் ஓயவில்லை. ஒரு பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம்: அளத்தலும் எண்ணுதலும்

அளவு நாடாவுடன் பூங்காவுக்குச் சென்றோம். நீள அகலம், நடைபாதை, மணல் பரப்பு, மரங்களின் இடைவெளி எல்லாவற்றையும் அளந்து வரைபடத் தாளில் வரைந்தார்கள். வகுப்பறையில் பயிற்சிக்கு எளிய எண்களை வைத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட பூங்காவின் பரப்பு 2,400 சதுர மீட்டர். ஒரு சென்ட் சுமார் 40.5 சதுர மீட்டர் என்பதால் இது ஏறத்தாழ 59 சென்ட். உள்ளே சுற்றிலும் 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை போட்டால் அதன் பரப்பு என்ன? 2,400 − (56 × 36) = 384 சதுர மீட்டர். பாடநூலில் செவ்வகப் பாதைக் கணக்கைக் கண்டு விழித்தவர்கள், காலால் நடந்து பார்த்த பாதையில் அதைத் தயங்காமல் செய்தார்கள்.

அடுத்து எண்ணுதல். மாலை 4 முதல் 6 மணி வரை, அரை மணிக்கு ஒரு முறை, பூங்காவில் இருப்பவர்களை வயது, பாலினம், செய்யும் செயல் ஆகிய மூன்று தலைப்புகளில் குறித்தார்கள். ஒரு வாரக் கணக்கைப் பட்டை விளக்கப்படமாக வரைந்தபோது யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. சிறு வயதில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஏறத்தாழ சமமாக வருகிறார்கள். பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகளின் பட்டை திடீரென்று குட்டையாகிறது. நடுவில் உள்ள வெற்றிடம் முழுவதும் பெரிய பையன்களின் கிரிக்கெட்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1990களில் நடந்த ஆய்வும் இதையே கண்டது. ஒன்பது வயதுக்குப் பிறகு பூங்காவுக்கு வரும் பெண் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்தார்கள். பெரிய திறந்தவெளி ஒன்றே இருந்தால் அதற்காகப் பையன்களோடு போட்டியிட வேண்டியிருந்தது ஒரு காரணம். 1999 முதல் அந்நகரம் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தது. ஒரே திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தது, நடைபாதைகளைக் கூட்டியது, கைப்பந்து, பூப்பந்து ஆகியவற்றுக்கு இடம் தந்தது. அதன் பிறகு பெண் பிள்ளைகளின் வருகை கூடியது.

எங்கள் வகுப்பில் இதைப் படித்ததும் ஒரு மாணவி எழுந்து, "எங்களுக்கு ரிங் டென்னிஸ் கோர்ட் ஒண்ணு போதும் சார். பையன்களை விரட்ட வேண்டாம்" என்றார். அவர்கள் தயாரித்த திட்டத்தில் அதுதான் முதல் வரி.

மூன்றாம் வாரம்: கன்றுகள் ஏன் காய்ந்தன?

இந்தக் கேள்வியில்தான் பாடத்தின் மிகக் கடினமான பகுதி வந்தது. "டேனரி தண்ணியால மண்ணு கெட்டுப்போச்சு, இங்க எதுவும் வளராது" என்றார் ஒருவர். உடனே மற்றொரு மாணவர் முகம் வாடியது. "சார், எங்க அப்பாவாலதான் மரம் செத்துச்சுன்னு இவன் சொல்றான்" என்றார்.

தோல் நகரங்களில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். உண்மையை மறைக்கவும் கூடாது, உழைக்கும் பெற்றோரைப் பிள்ளையின் முன் குற்றவாளி ஆக்கவும் கூடாது. நான் எடுத்துக்கொண்ட வழி, 1996 ஆகஸ்ட் 28இன் தீர்ப்பை எளிய தமிழில் விளக்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அது. பாலாற்றுப் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்கிட்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்துபவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதே தீர்ப்பு, தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் முக்கியமான தொழில் என்பதையும் ஒப்புக்கொண்டது.

பிள்ளைகளிடம் நான் சொன்னது இதுதான்: பொறுப்பு என்பது கழிவை எங்கே விடுவது என்று முடிவெடுப்பவரிடமும், அதைக் கண்காணிக்க வேண்டியவரிடமும் இருக்கிறது. தோலைத் தூக்கிப் போடும் தொழிலாளி அந்த முடிவை எடுப்பவர் அல்லர். அதே தண்ணீரை அவர் குடும்பமும்தான் குடிக்கிறது. இதற்குப் பிறகு அந்த மாணவரே தன் அப்பாவிடம் கேட்டு வந்து, பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு போடுவதையும், பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவுவதையும் வகுப்பில் விளக்கினார். தண்ணீரில் உப்பு ஏறும் வழி அனைவருக்கும் புரிந்தது. வாயடைத்து உட்கார்ந்திருந்த பிள்ளை அன்றைக்கு வகுப்பின் வல்லுநர் ஆனார்.

நான்கு கோப்பைச் சோதனை

மண்ணா, தண்ணீரா என்று கண்டறிய ஓர் எளிய சோதனை போதும். நான்கு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 20 பாசிப்பயறு.

1. பூங்கா மண், சேமித்த மழைநீர்
2. பூங்கா மண், பூங்காவின் ஆழ்துளைக் கிணற்று நீர்
3. நாற்றங்கால் மண், மழைநீர்
4. நாற்றங்கால் மண், ஆழ்துளைக் கிணற்று நீர்

ஒரே இடம், ஒரே அளவு நீர், ஒரு வாரம். முளைத்தவற்றின் எண்ணிக்கையையும் தண்டின் நீளத்தையும் நாள்தோறும் குறிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் கோப்பையும் மூன்றாவது கோப்பையும் ஏறத்தாழ ஒன்றுபோல முளைத்தன. இரண்டாவதும் நான்காவதும் பின்தங்கின. மண் எதுவாக இருந்தாலும் கிணற்று நீர் ஊற்றிய கோப்பைதான் தேங்கியது. எதுவும் வளராது என்று எல்லோரும் சொன்ன மண், நல்ல தண்ணீர் கிடைத்ததும் முளைக்க விட்டது.

ஒரே நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற அறிவியல் முறையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. ஆனால் இச்சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பயறு முளைப்பதால் மண்ணில் குரோமியம் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். மண்ணையும் நீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் கார அமிலத் தன்மையும் உப்பின் அளவும் தெரியும். மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் அது உவர் மண். வேலூர் மாவட்ட ஆசிரியர்கள் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். கன உலோகங்களுக்குத் தனி ஆய்வு தேவை. அந்த முடிவு வரும் வரை, சந்தேகமான மண்ணில் கீரையும் காய்கறியும் பயிரிட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டாம். நிழல் மரமும் பூச்செடியும் போதும்.

நான்காம் வாரம்: எந்தச் செடி, எங்கே?

உப்புத் தண்ணீரைத் தாங்கும் மரங்களில் பூவரசும் புங்கமும் முன்னிற்பவை. வேம்பும் ஓரளவு தாங்கும். மூன்றும் நல்ல நிழல் தருபவை. கன்றுகளை மழைக்காலத்தின் தொடக்கத்தில் நட்டால் முதல் சில மாதங்கள் மழைநீரே உப்பைக் கீழே இறக்கிவிடும். நம் பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் கிடைப்பது ஒரு வசதி. தண்டைச் சுற்றிச் சருகு மூடாக்கு இட்டால் ஈரம் நிற்கும், உப்பு மேலே ஏறுவது குறையும். பல பள்ளிகளில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை மரத்துக்கு விடுகிறோம். அந்த நீரில் உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் நம் பகுதியில் கன்றுகளுக்கு அது ஏற்றதன்று. பூங்காவில் உள்ள காவலர் அறைக் கூரையின் மழைநீரைத் தொட்டியில் பிடிப்பது நல்லது. தண்ணீர்க் கணக்கையும் மாணவர்களே போடட்டும்: 40 கன்றுகள், ஒன்றுக்கு 15 லிட்டர், வாரம் இரு முறை என்றால் 1,200 லிட்டர். அதை யார் ஊற்றுவார்கள் என்று முடிவு செய்யாமல் ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம் என்பது மாணவர்கள் தாங்களே எழுதிக்கொண்ட விதி.

விளையாடும் இடத்தில் வைக்கக் கூடாத செடிகளும் உண்டு. அரளி, குறிப்பாக மஞ்சள் அரளி, வாயில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஊமத்தையும் ஆமணக்கும் அப்படியே. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறையுடன் பெரியவர்கள் அகற்ற வேண்டும். முள் மரங்கள் நடைபாதை ஓரம் வேண்டாம். வேகமாக வளரும் என்று விற்கப்படும் கோனோகார்பஸ் மரத்தை நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தடை விதித்துள்ளது.

ஒரு செடியை மட்டும் காரணத்தோடு பரிந்துரைக்கிறேன். அது ஆவாரை. குரோம் உப்புகள் வரும் முன் நம் பகுதியில் தோல் பதனிட ஆவாரம் பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். கொன்றைப் பட்டையும் கடுக்காயும் துணைக்கு இருந்தன. ஆவாரை வறட்சியைத் தாங்கும், புதராக வேலி ஓரத்தில் நிற்கும், மஞ்சள் பூ ஆண்டின் பெரும்பகுதி இருக்கும். வேலி ஓரம் ஆவாரையும், நுழைவாயிலில் ஒரு கொன்றையும் நட்டால் பூங்காவின் ஒரு மூலை ஊரின் தொழில் வரலாற்றைச் சொல்லும்.

பெயர்ப் பலகை எழுதுவது மொழிப் பாடம். நம் வகுப்புகளில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் வீட்டு மொழிகளாக இருக்கின்றன. வேம்பு உருதுவில் நீம், தெலுங்கில் வேப. புளி, இம்லி, சிந்த. நாவல், ஜாமுன், நேரேடு. எங்கள் பிள்ளைகள் தம் பாட்டிமார்களிடம் கேட்டு இந்தப் பட்டியலைத் தயாரித்தார்கள். பள்ளிக்கு வராத மொழிகளும் ஒரு மரத்தின் வழியே வகுப்புக்குள் வந்தன.

ஐந்தாம் வாரம்: விளையாட்டுக் கருவிகள்

புதிய கருவி கேட்கும் முன் இருப்பதைச் சோதித்தோம். சறுக்கு மரத்தின் அடியில் சிமென்ட் தளம். விழும் பிள்ளைக்கு அது பாறை. கருவியைச் சுற்றிலும் சுமார் 1.8 மீட்டர் தூரத்துக்கு, 30 செ.மீ. ஆழத்துக்குத் தளர்வான மணல் வேண்டும். கிரஷர் தூள் இறுகிவிடும் என்பதால் உதவாது. 6 மீட்டர், 4 மீட்டர், 0.3 மீட்டர் என்றால் 7.2 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். ஆக ஏறத்தாழ இரண்டரை யூனிட். கட்டட வேலை செய்யும் பெற்றோர் உள்ள பிள்ளைகள் விலையையும் சொல்லிவிட்டார்கள்.

வேலூர்ப் பகுதியின் கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது இரும்புச் சறுக்கு மரம் தோசைக்கல். காலை 9, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடிட்டு, மாலை நிழல் விழும் இடத்தில் கருவிகளை வைக்கும்படி வரைபடத்தை மாற்றினார்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வாயிலில் சரிவுப் பாதை வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதை வலியுறுத்துகிறது.

நல்ல விளையாட்டிடத்துக்கு நிறையப் பணம் வேண்டும் என்பதில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947இல் ஒரு சிறு சதுக்கத்தில் மணல் தொட்டி, குதிக்கும் கற்கள், கம்பிகள் ஆகியவற்றை மட்டும் வைத்து முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். பின்னர் அந்நகரில் அவர் வடிவமைத்தவை 700ஐத் தாண்டின. இதைக் கேட்ட என் மாணவர்கள் பட்டியலில் சேர்த்தவை: கோலி விளையாட மண் தரை, பாண்டி ஆடக் கட்டம் வரைந்த தளம், தாயக்கட்டம் செதுக்கிய இரண்டு கல் பெஞ்சுகள்.

ஆறாம் வாரம்: மனு

ஆறு வார வேலையும் இரண்டு பக்க மனுவாகச் சுருங்கியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே அதற்கான அளவோ எண்ணிக்கையோ சோதனையோ இருந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. மனுவைப் பெற்றோர் வழியாகப் பகுதி சபையில் வைத்தோம். தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு செலவை ஏற்றால் மீதியை அரசு தரும் என்பதையும் பெற்றோரிடம் சொன்னோம்.

கேட்ட அனைத்தும் கிடைத்துவிடவில்லை. சறுக்கு மரத்தடியில் மணல் வந்தது. ரிங் டென்னிஸுக்கு இரு கம்பங்கள் நட்டார்கள். சரிவுப் பாதை இன்னும் வரவில்லை. மாணவர்கள் அதை நினைவூட்டி இரண்டாவது மனு எழுதியிருக்கிறார்கள். கன்றுகளுக்கு வீட்டுக்கு ஒன்று எனப் பொறுப்பு பிரித்தோம். புங்கமும் பூவரசும் முதல் கோடையைத் தாண்டிவிட்டன.

மதிப்பீட்டுக்கு நான் மூன்றை மட்டும் பார்த்தேன்: சொல்வதற்கு ஆதாரம் காட்டுகிறாரா, தன் கருத்துக்கு மாறான முடிவு வந்தால் ஏற்கிறாரா, தனக்குத் தேவையில்லாத, பிறருக்குத் தேவையான ஒன்றைத் திட்டத்தில் சேர்த்தாரா. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையைக் கேட்ட குழுவில் அதைப் பயன்படுத்துபவர் யாரும் இல்லை.

இந்தப் பாடத்தைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் ஜூன் மாதமே மழைநீர் பிடிக்க ஒரு குடம் வைத்துவிடுங்கள். நான்கு கோப்பைச் சோதனைக்கு அது தேவைப்படும்.